முப்பத்தைந்துக்கு முட்டுக்கொடுத்தல் கல்வியாகுமா?

தனித்தமிழுக்கு வித்திட்ட அடிகளாரின் பெயர்தாங்கி நிற்கும் மறைமலைநகரில் உந்துவண்டி உறுப்புகள் செய்யும் தொழிலகங்கள் பல உள. ஆங்குக் கடைசல் பொறியின்முன் நிற்கும் இளைஞன், ஒரு மில்லிமீட்டரை நூறு கூறிட்டு அளக்கத் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும். அத் தொழிலைக் கற்கும் பயிற்சி நிலையத்தின் பல பிரிவுகளில் நுழையப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அத் தேர்ச்சிக்கோ, ஐந்து பாடங்களிலும் தனித்தனியே நூற்றுக்கு 35 வேண்டும். கணக்கில் 34 பெற்றவன் கதவுக்கு வெளியே நிற்கிறான்.

உள்ளே சென்றவன் மட்டும் கணக்கறிந்தவனா? வினாத்தாளை எடுத்து நோக்குக! வடிவக்கணக்கு வரைவுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கூட்டினால் 30. இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்றைத் தொட்டால் 36! எனவேதான், 'மெல்லக் கற்போர்' என்று முத்திரையிடப்பட்ட பிள்ளைகள், தேர்வு நெருங்கும் திங்கள்களில் தனியே அமர்த்தப்பெற்று, தொடுகோடு வரையவும் விடைகளை உருப்போடவும் பழக்கப்படுகின்றனர். தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது; வகுத்தல் அறியாத பிள்ளை வகுத்தல் அறியாமலே வெளியேறுகிறது. விழுக்காட்டைக் காட்டி வெருட்டப்படும் ஆசிரியரைக் குறைகூறிப் பயனென்ன?

நோய் பத்தாம் வகுப்பில் தோன்றியதன்று. மூன்றாம் வகுப்பில் இடமதிப்பு விளங்கவில்லை. ஐந்தில் வகுத்தல் வரவில்லை. ஆறில் கீழ்வாய் எண்கள் கண்ணைக் கட்டின. எட்டாம் வகுப்புவரை எவரையும் நிறுத்திவைப்பதில்லை என்னும் தமிழக அரசின் கொள்கை நன்றே. நிறுத்திவைக்கப்பட்ட ஏழைப்பிள்ளை பள்ளியை விட்டே போய்விடும். ஆயின், கைதூக்கி ஏற்றிவிடுவோர் கைபிடித்து நடத்தவும் வேண்டாவா? 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2025-இல் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்குத் 'திறன்' வந்தது. காலந்தாழ்ந்து வந்தாலும் வழி சரியானதே.

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2020 முதல் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வை எளியது, கடியது என இரண்டாக்கியது. அவ் வழியை இங்கும் பின்பற்றலாம் என்பார்க்கு ஒன்று கூறல் வேண்டும்: வாயில் இரண்டானால், கூலியாளின் பிள்ளை எவ் வாயிலுக்குத் துரத்தப்படும் என்பது எவர்க்கும் தெரியும்.

பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் இருபதில் ஒன்றாகிய மாவையும், எண்பதில் ஒன்றாகிய காணியையும், முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரியையும் எண்சுவடியால் சிறுவர் பயின்றனர். அப் பள்ளிகள் எல்லார்க்கும் திறந்திருந்தனவல்ல, உருப்போடலும் மிகுதி. எனினும், அவரவர் விரைவுக்கேற்ப அவரவர் கற்றனர். இன்றோ பள்ளி எல்லார்க்கும் திறந்துளது, விரைவோ ஒன்றே!

ஒவ்வொரு பள்ளியும் தேர்ச்சி விழுக்காட்டைப் பலகையில் எழுதுகிறது. ஆறாம் வகுப்பில் வகுத்தல் வராதோர் எத்தனைபேர், ஆண்டிறுதியில் அவருள் எத்தனைபேர்க்கு வந்தது என்பதையும் அதே பலகையில் எழுதட்டும்! பெற்றோர் அதனைக் கேட்கட்டும்! முப்பத்தைந்துக்கு முட்டுக்கொடுப்பது கல்வியன்று. மூன்றாம் வகுப்பிலேயே அடிக்கல் நாட்டுவதே கல்வி.