மாறாத ஆத்மா, மாறாத சாதி

'ஆத்மாவுக்குச் சாதி இல்ல, எல்லாருக்குள்ளயும் ஒரே பிரம்மம்தான் இருக்கு' என்று உபதேசம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த ஒரே பிரம்மம் ஏன் ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறது, சேரிக்குள் ஏன் வருவதில்லை என்று கேட்டால்தான் பதில் இல்லை. 'தத்துவமெல்லாம் நமக்கெதுக்கு, வயித்துப்பாட்டப் பாருங்க' என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். நம் வயித்துப்பாட்டைத் தீர்மானித்ததில் இந்தத் தத்துவத்துக்கும் பங்கிருப்பதால் பேச வேண்டியிருக்கிறது.

இந்துமதம் சொல்லும் ஆத்மா பிறப்பதில்லை, இறப்பதில்லை, மாறுவதில்லை. பழைய துணியைக் கழற்றிப் புதுத்துணி உடுத்துவதுபோல உடம்பை மாற்றிக்கொள்கிறது என்கிறது கீதை. இதுவரை யாருக்கும் தொந்தரவில்லை. சூது அடுத்துதான் வருகிறது. எந்த உடம்பு யாருக்கு என்பதை வினை முடிவு செய்கிறதாம். சாந்தோக்கிய உபநிடதம் பச்சையாகவே சொல்கிறது: நல்லது செய்தவன் பார்ப்பன, சத்திரிய, வைசிய வயிற்றில் பிறப்பான், கெட்டது செய்தவன் நாய் வயிற்றிலும் பன்றி வயிற்றிலும் சண்டாள வயிற்றிலும் பிறப்பான். ஆக, உன்னைச் சேரியில் தள்ளியது ஊர்க்காரன் இல்லை, போன பிறவியின் நீயேதான். குற்றவாளியும் நீ, தண்டனையும் உனக்கு. நிலத்தைப் பிடுங்கினவன் சாட்சிக்கூண்டுக்குக்கூட வரவேண்டியதில்லை.

எல்லாம் ஒன்றே என்ற சங்கரர்தான், பிரம்மசூத்திர உரையில் சூத்திரருக்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்றும் வாதிட்டார். சூத்திரருக்கே இல்லைன்னா நம்ம கதி? இதை முரண்பாடு என்று நினைத்து ஏமாற வேண்டாம். பரமார்த்தத்தில் சமத்துவம், நடைமுறையில் வருணம் என்று ரெண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பிரம்மமே என்ற கருத்து சனநாயகத்துக்கு அடித்தளமாகியிருக்கலாமே, ஏன் ஆகவில்லை என்று 'இந்துமதப் புதிர்க'ளில் அம்பேத்கர் கேட்டார். அவர் மறைந்து 31 ஆண்டுகள் கழித்து, 1987இல்தான் அது அச்சானது.

புத்தர் இந்த ஆத்மாவின் அடிமடியிலேயே கைவைத்தார். சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்குச் சொன்ன இரண்டாவது பேருரையே அனாத்மம் பற்றியது. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்தின் சேர்க்கைதான் மனிதர். ஐந்தும் மாறிக்கொண்டே இருப்பவை. இவற்றில் எதுவும் 'நான்' இல்லை. நம் மணிமேகலை இவற்றை ஐங்கந்தம் என்று தமிழில் பேசியது. நாகசேனர் மிலிந்த அரசனிடம் தேரைக் காட்டி, சக்கரம் தேரா, அச்சு தேரா என்று கேட்டதும் இதற்குத்தான். மாறாத சாரம் என்று ஒன்று இல்லையென்றால் பிறவித் தீட்டு எதில் ஒட்டும்? பிறவி உயர்வுதான் எதில் ஒட்டும்? சாக்கிய இளவரசர்களுக்கு முன்பாக நாவிதர் உபாலிக்குத் துறவு கொடுத்து, இளவரசர்களை அவர் காலில் விழவைத்தது இந்தச் சிந்தனையின் நடைமுறை.

'நான்' இல்லைன்னா சுயமரியாதை யாருக்கு என்று நம்ம ஆளுங்க கேக்குறாங்க. நியாயமான கேள்வி. இன்னொரு பக்கம், 'அப்ப உங்க தலித் அடையாளமும் மாயைதானே, விட்டுடுங்க' என்று புத்தரை வைத்தே நம் வாயை அடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. புத்தர் மறுத்தது மாறாத சாரத்தை, மனிதரை அல்ல. செயலும் அதன் பொறுப்பும் அவரிடம் அப்படியே நிற்கின்றன. சுயமரியாதை என்பது நம்மீது பிறப்பால் ஒட்டிய இழிவு எதுவும் இல்லை என்ற தெளிவு. அதற்கு ஆத்மா தேவையில்லை. 'நானை' முதலில் விடவேண்டியவன் சாதிப்பெருமையில் மீசை முறுக்குகிறவன். பேசவே விடப்படாதவனிடம் போய் அகந்தையை விடு என்பது அயோக்கியத்தனம்.

அதேசமயம் இந்த அளவுகோல் நமக்கும் உண்டு. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நமக்குள்ளேயே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அடிமைப்பட்டவனுக்குள்ளும் ஒரு 'மாறாத ஆத்மா' உட்கார்ந்துகொண்டு, தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறது. அதையும் விரட்டாமல் பஞ்சசீலம் சொல்லிப் பயனில்லை. தலித் என்பது போராட்டத்தில் நாம் சேர்ந்து உருவாக்கிய அடையாளம், ரத்தத்தில் வந்ததல்ல.

ஆத்மா இல்லையென்றால் வினையும் மறுபிறப்பும் எப்படி என்ற கேள்வியை, 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் நேராக எடுத்துக்கொண்டார். உடம்பின் பூதங்கள் பிரிந்து மீண்டும் சேர்கின்றன. கூடுவிட்டுக் கூடுபாயும் ஆத்மா இல்லை என்றார். போன பிறவி வினையால் இன்றைய வறுமை என்பது, ஏழைகள் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசையும் சமூகத்தையும் தப்பவிடுவதற்கே பயன்படும் என்று கண்டித்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் ஏற்ற 22 உறுதிமொழிகளில் ஒன்று, இன்று மறுபிறவி எடுக்கிறேன் என்பது. சாகாமலே, ஆத்மா இல்லாமலே, கூட்டாக எடுத்த பிறவி அது. நம் சேரிகளில் அந்தப் பிறவி இன்னும் முழுசாக நடக்கவில்லை. அதற்கான வேலையைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

- ஆசிரியர் குழு