தோற்றது ஒரு பாடம் மட்டுமே

பொதுத்தேர்வு முடிவு வெளியான அன்று மாலையே நம் வீடுகளில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: தவறியது மகனென்றால் மாமாவின் கடைக்கு, மகளென்றால் நிக்காஹ் பேச்சுக்கு. தேர்ச்சிக்குரிய 35 மதிப்பெண் ஒரு பாடத்தில் கிட்டாததற்காகப் பிள்ளையின் படிப்பையே மூடிவிடுகிறோம்.

அந்தப் பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதலாம். பத்தாம் வகுப்பில் தவறியவரும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டு அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன், வெல்டர் பயிற்சி பெறலாம். பிளஸ் டூவில் தவறியவருக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே பாலிடெக்னிக்கின் வாசலைத் திறக்கும்.

இறையருளில் நம்பிக்கை இழக்கலாகாது என்று மேடைதோறும் பேசும் நாம், பெற்ற பிள்ளையின் மீது ஒரே நாளில் நம்பிக்கை இழப்பது முறையா? துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் அறிவிக்கட்டும். பெற்றோராகிய நாம் அதுவரை கடையையும் கல்யாணத்தையும் பேசாதிருப்போம், இன்ஷா அல்லாஹ்.