வராத உதவித்தொகைக்கு யார் பிணை?

சூன் மாதம் கல்லூரி திறந்ததும் அறிவிப்புப் பலகையில் முதலில் ஒட்டப்படுவது கட்டணம் செலுத்தக் கடைசி நாள். அந்த நாளைத் தவறவிட்டால் மாணவருக்கு அபராதம். மேலும் தவறினால் வருகைப் பதிவேட்டில் பெயர் இராது, தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடைக்காது. அதே மாணவருக்கு அரசு தரவேண்டிய உதவித்தொகை எட்டு மாதம் தாமதமானாலும் ஓராண்டு தாமதமானாலும் அரசுக்கு அபராதம் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் உயர்கல்வியை ஆண்டுதோறும் அரித்துக்கொண்டிருக்கும் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எங்களிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். செங்கல் சூளையில் வேலை செய்யும் பெற்றோரின் மகள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் இளம் அறிவியல் முடித்துவிட்டு, அரசுக் கல்லூரியில் முதுகலை இடமும் பெற்றுவிட்டார். சேர்வதற்கு மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வேண்டும். படித்த கல்லூரியோ, மூன்றாம் ஆண்டு உதவித்தொகை இன்னும் வரவில்லை, கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றது. தாய் மகளிர் குழுவில் கடன் கேட்டார். பழைய தவணை பாக்கி இருந்ததால் கிடைக்கவில்லை. நாங்கள் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகு சான்றிதழ்கள் கைக்கு வந்தன. அதற்குள் சேர்க்கை முடிந்திருந்தது. அந்தப் பெண் எந்தத் தவணையையும் தவறவிடவில்லை, தவறவிட்டது அரசு. ஆண்டை இழந்தது அவர்.

இதைத் தனிப்பட்ட ஒரு கல்லூரியின் கொடுமையாக மட்டும் பார்த்தால் உண்மை பிடிபடாது. அரசு செலுத்தவேண்டிய கடனுக்கு மாணவரைப் பிணையாக நிறுத்தும் ஓர் ஏற்பாடு இங்கே உருவாகியிருக்கிறது. அது உருவான விதத்தைப் புரிந்துகொள்வது அவசியம்.

1944 முதல் இன்று வரை

பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான இந்த உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் வற்புறுத்தல் அதன் பின்னணியில் இருந்தது. உதவித்தொகையின் காலக்கெடு ஒரு மாணவனை என்ன செய்யும் என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்தவர். பரோடா மன்னர் அளித்த உதவியின் காலம் முடிந்ததால், 1917இல் இலண்டனில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் நாடு திரும்ப வேண்டியிருந்தது. தம் சேமிப்பையும் கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியையும் கொண்டு மீண்டும் இலண்டன் சென்றது 1920இல்தான்.

ஒன்றிய அரசின் இந்தத் திட்டத்தில் நிதிப் பொறுப்பு யாருடையது என்பதே நீண்டகாலக் குழப்பமாக இருந்தது. ஓர் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தின் இறுதியில் ஆகும் செலவு முழுவதும் மாநிலத்தின் நிரந்தரப் பொறுப்பாகிவிடும். அதற்கு மேற்பட்ட தொகையை மட்டுமே ஒன்றியம் தரும் என்பது பழைய முறை. 2017க்குப் பிறகு இதன் விளைவாக ஒன்றியத்தின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. எதிர்ப்புகளுக்குப் பின், 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை புதிய முறைக்கு ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய். அதில் 60 விழுக்காடு ஒன்றியம், 40 விழுக்காடு மாநிலம். பட்டியல் சாதி மாணவரின் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

பங்கு கூடியது நல்ல மாற்றமே. ஆனால் அதனுடன் வேறு இரண்டும் வந்தன. ஒன்று, மாநிலம் தன் 40 விழுக்காட்டை விடுவித்தது உறுதியான பிறகே ஒன்றியம் தன் பங்கை விடுவிக்கும். ஆகவே மாநிலக் கருவூலத்தில் ஒரு கோப்பு தேங்கினால் தில்லியின் பணமும் தேங்கும். மற்றொன்று, ஒன்றியத்தின் பங்கு கல்லூரிக்குச் செல்லாமல் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும். அதிலிருந்து கட்டணத்தை மாணவர் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும்.

நேரடி வரவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போலிச் சேர்க்கை காட்டித் தொகையை விழுங்கிய நிறுவனங்கள் பல மாநிலங்களில் பிடிபட்டன. மாணவரின் பணம் மாணவரிடமே வரவேண்டும் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் பணம் உரிய நேரத்தில் வந்தால்தான் அது பாதுகாப்பு. தாமதமாக வரும்போது, முன்பு அரசைப் பார்த்துக் கல்லூரி கேட்ட பாக்கியை இப்போது மாணவரைப் பார்த்துக் கேட்கிறது.

தமிழ்நாட்டில் இதில் ஒரு முரண்பாடும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை, சுயநிதிக் கல்லூரிகளிலும், அரசே ஏற்கும் என்று 2012இல் அரசாணை எண் 92 வெளியிடப்பட்டது. மாணவரிடம் கட்டணம் கேட்காதே என்பதே அதன் சாரம். அரசாணை ஒன்று சொல்ல, அறிவிப்புப் பலகை வேறொன்று சொல்கிறது.

தாமதத்தின் விலை

தொகை வந்தால் போதாதா, சில மாதம் முன்பின் ஆனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கலை அறிவியல் இளங்கலை படிக்கும், வீட்டிலிருந்து வந்துபோகும் பட்டியல் சாதி மாணவருக்கு 2021 வழிகாட்டு நெறிமுறைகளின்படி கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய்; மாதத்துக்கு 250 ரூபாய். விடுதியில் தங்குபவருக்கு 6,000 ரூபாய். இந்தச் சிறு தொகையும் சூலையில் தேவைப்பட்டு, தேர்வெல்லாம் முடிந்த பின் வந்தால் அது எதற்குப் பயன்படும்? நூல் வாங்க வேண்டிய பருவம் போயிருக்கும். இடைவெளியை வட்டிக்கடனும், அடகுக் கடைக்குப் போன தோடும், செமஸ்டர் நடுவே கட்டட வேலைக்குப் போன நாட்களும் நிரப்பியிருக்கும். வருகைக் குறைவு என்று பிறகு கல்லூரி அதற்கும் அபராதம் விதிக்கும்.

ஆய்வு மாணவர்களின் நிலையும் வேறன்று. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 சனவரியில் உயிரிழந்த ரோகித் வெமுலாவின் இறுதிக் கடிதத்தில், ஏழு மாதமாக வராத ஆய்வு உதவித்தொகை 1,75,000 ரூபாயைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அந்தக் கடிதத்தை நினைவில் வைத்திருக்கும் நாம் அந்தக் கணக்கையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. கடன் தீரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 171 சில தரப்பினருக்கு, சரக்குகளின் மீது மட்டுமே தருகிறது. கட்டணம் தராத கட்சிக்காரரின் வழக்குக் கோப்பை வழக்கறிஞர்கூட நிறுத்திவைக்க முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோப்பு, விற்கக்கூடிய சரக்கு அன்று என்பதே காரணம். கல்விச் சான்றிதழும் விற்பனைச் சரக்கு அன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. இங்கே மாணவர் கடன்பட்டவர்கூட இல்லை, கடன்பட்டது அரசு.

2021 நெறிமுறைகளிலேயே ஒரு வழி இருக்கிறது. முன்கூட்டிக் கட்டணம் செலுத்தாமல் சேர்வதற்கு, தகுதியுள்ள மாணவர்களுக்கு மாநில அரசு ‘ஃப்ரீஷிப் அட்டை’ வழங்கலாம். இதைப் பற்றி எத்தனை கல்லூரி அலுவலகங்களில் மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது?

நீதிமன்றம் சில நேரம் கைகொடுக்கிறது. 17,500 ரூபாயை 2024 சூன் 24 மாலைக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐஐடியில் இடமிழந்தார் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, பின் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். செப்டம்பர் 30 அன்று, அரசியலமைப்பின் பிரிவு 142இன் கீழ் அவரைச் சேர்க்க உத்தரவு கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் ஒவ்வொரு கட்டண பாக்கிக்கும் உச்ச நீதிமன்றம் செல்ல முடியாது. கலைக் கல்லூரியில் பி.காம் இடத்தை இழந்தவரைப் பற்றிச் செய்தியும் வராது.

நமது கோரிக்கைகள்

தாமதத்துக்கு விலை வைப்பது நம் சட்டத்துக்குப் புதிதன்று. நூறு நாள் வேலைத் திட்டத்தில், வருகைப் பட்டியல் முடிந்த 16ஆம் நாளுக்குப் பிறகு கூலி வந்தால், ஒவ்வொரு நாளுக்கும் 0.05 விழுக்காடு இழப்பீடு தரவேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வகுத்தது. நடைமுறையில் அது முழுமையாகக் கிடைக்கவில்லை என்றாலும், தாமதம் ஓர் இழப்பு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. தாயின் கூலிக்குப் பொருந்திய நியாயம் மகளின் உதவித்தொகைக்கு ஏன் பொருந்தாது? அதேபோல், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயை மாணவியின் கணக்கில் வரவு வைக்க ஏற்பாடு செய்த அரசு, கல்விப்படியையும் மாதந்தோறும் தர முடியாது என்று சொல்ல இயலாது.

எனவே நாம் கேட்பவை நான்கு. கட்டணக் கடைசி நாளுக்கு முன்பே மாநிலப் பங்கு விடுவிக்கப்பட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் மாணவருக்கு இழப்பீடு வேண்டும். ஃப்ரீஷிப் அட்டை சேர்க்கையின்போதே தகுதியுள்ள அனைவருக்கும் வழங்கப்பட வேண்டும். தொகை வரும்வரை தேர்வையும் சான்றிதழையும் தடுக்கும் கல்லூரியின் மீது பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். சம்பளம் தர முடியாமல் தவிக்கும் சிறு கல்லூரிகள் உண்டு என்பதை அறிவோம். அவற்றின் வழக்கு அரசோடு. அதில் அவை மாணவர்களோடு சேர்ந்து நிற்கட்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை மாணவர்கள் செய்யக்கூடியவை உண்டு. சான்றிதழை மறுத்தால் வாய்மொழியாக விடாமல் எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை பெறுங்கள். உங்கள் தொகை எந்த மேசையில் நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12 தரும் உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். ஒரே கல்லூரியில் நாற்பது பேருக்குத் தொகை வரவில்லை என்றால், நாற்பது பேரும் கையெழுத்திட்ட ஒரே மனுவாகப் போங்கள். அலுவலக வாசலில் ஒருவராக நிற்கும்போது அது அவருடைய வறுமையாகத் தெரிகிறது. நாற்பது பேராக நிற்கும்போதுதான் அது அரசின் பாக்கி என்பது தெரியவரும்.