லேயர் டூவா, லேயர் த்ரீயா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் கதை நமக்கெதுக்கு என்று நினைக்கிற மாமாமார், சித்தப்பாமார் தாண்டிப் போய்விடலாம், கோபம் இல்லை.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நகைக்கடன் கொடுக்கிற நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் பொறுப்பு. ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை 11 கிளை, பார்த்துக்கொள்ள இவன் ஒருத்தன், ஒரு பைக். கையில் இரண்டு கொட்டேஷன். "சார், ஒண்ணு லேயர் டூ வி.பி.என்., விலை குறைவு. மற்றது லேயர் த்ரீ. முதலாளி விலையைத்தான் பாக்காரு. நீங்க என்ன சொல்லுதிய?"

லேயர் த்ரீ போடு என்றேன். காரணத்தை இங்கேயும் எழுதுகிறேன், உங்களில் பலர் இதே வேலையில் இருக்கிறீர்கள்.

லேயர் டூ என்றால் 11 கிளையும் ஒரே சுவிட்சில் செருகியிருக்கிற மாதிரி. ஒரு கம்ப்யூட்டர் "இந்த ஐ.பி. யாருக்கு?" என்று கேட்டால் எல்லாக் கிளைக்கும் அந்தச் சத்தம் போகும். ஆசிரியர் அறைக்குள் கூப்பிட்டால் சரி, கொல்லங்கோட்டில் நின்று தோவாளைக்குக் கூப்பிட்டால்? லேயர் த்ரீ தபால்காரர் முறை. 629165 என்றால் மார்த்தாண்டம், 629251 என்றால் குளச்சல். ஒவ்வொரு கிளைக்கும் தனி முகவரி வரிசை, எது எங்கே என்று நடுவில் இருக்கிற ரவுட்டருக்குத் தெரியும்.

என்னைப் பயமுறுத்துவது சத்தம்கூட இல்லை, சுழல். ஐ.பி. பாக்கெட்டுக்கு ஆயுசு எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் செத்தது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. வழி வட்டமாகிவிட்டால் சுற்றிக்கொண்டே பெருகும். எனக்குத் தெரிந்த வேறொரு நிறுவனத்தில், கீழே கிடந்த கேபிள் முனையை யாரோ அதே சுவிட்சில் செருகிவிட்டார்கள். மலிவு சுவிட்ச், அதைத் தடுக்கிற வசதி இல்லை. ஒரு கிளையில் நடந்த தப்புக்கு எல்லாக் கிளையும் சாயங்காலம் வரை முடங்கின. மறுநாள் மகள் கல்யாணத்துக்கு நகை மீட்க வந்த ஒரு அம்மா வாசல் படியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

இன்னொன்று ஒக்கி. 2017 நவம்பர் 30-ல் மரமும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தது யாருக்கும் மறந்திருக்காது. இந்த மாவட்டத்தில் கிளை நடத்துகிறவர் இரண்டாவது வழி வைத்தே ஆகவேண்டும், அதுவும் வேறு கம்பெனியிடம். லேயர் த்ரீயில் ஒரு வழி போனால் ரவுட்டர் அடுத்ததைப் பிடிக்கும். லேயர் டூவில் இரண்டாவது வழி போடும்போதே வட்டம் ஆகிவிடுமோ என்று பார்க்கவேண்டும்.

லேயர் டூ மட்டம் என்று சொல்லவில்லை. பாதை முழுக்க நம் கையில் இருக்கும். லேயர் த்ரீயில் கம்பெனிக்காரன் நம் வழிப்பட்டியலில் கை வைக்கிறான், ஒரு மாற்றத்துக்கு அவன் பின்னால் நடக்கவேண்டும். கிளைக்குக் கிளை சொந்த ரவுட்டரும், அதைத் தெரிந்த நாலு பேரும் இருந்தால் லேயர் டூ தாராளமாகப் போடலாம். இவனுக்கு அது இல்லை. அதனால் தலைமை அலுவலகத்துக்கும் திருநெல்வேலியில் வைத்திருக்கிற மாற்று சர்வருக்கும் நடுவில் மட்டும் லேயர் டூ, அங்கே இரண்டே முனை. மற்றதெல்லாம் லேயர் த்ரீ.

'பிரைவேட்' என்ற பெயரை நம்பி ஏமாறவும் வேண்டாம். எம்.பி.எல்.எஸ்.-ல் இரண்டு வகையும் மற்றவர் பாக்கெட்டோடு கலக்காமல் பிரித்து அனுப்புமே தவிர, பூட்டி அனுப்புவதில்லை. பூட்டு வேண்டுமென்றால் ஐபிசெக் தனியாகப் போடவேண்டும். இதை இரண்டு கொட்டேஷனிலும் எழுதவில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

11 கிளைக்கும் முகவரி வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பிளஸ் டூவில் சப்நெட் கணக்கில் தடுமாறின பயல்தான், பார்ப்போம். டெலிகாம் கம்பெனிகளில் இருக்கிற பிள்ளைகள் நான் எழுதினதில் பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள்.