அவன் பிரிந்தால் கடமை, அவள் பிரிந்தால் வழக்கு!

திரு நின்ற ஊர், திருநின்றவூர். யார் அந்தத் திரு, ஏன் இங்கு வந்து நின்றாள் என்று தலபுராணக்காரரைக் கேட்டால் கூசாமல் கூறுவார். திருமகள் திருமாலோடு பிணங்கினாளாம். வைகுந்தத்தை விட்டு வெளியேறினாளாம். இவ்வூரில் வந்து நின்றாளாம். அழைத்துவரச் சமுத்திரராசன் வந்து, ‘என்னைப் பெற்ற தாயே’ என்று கெஞ்சியும் அம்மை அசையவில்லையாம். கடைசியில் பெருமாளே புறப்பட்டு வர நேர்ந்ததாம். கோயிலில் அந்த அம்மைக்கு இன்றும் ‘என்னைப் பெற்ற தாயார்’ என்றே பெயர்.

கதையை நாம் நம்பவில்லை. நம்புவோரைத்தான் கேட்கிறோம். கணவன் வீட்டை விட்டு வந்து தனித்து நின்றவளுக்குக் கோபுரம் எழுப்பிக் கும்பிடும் பெரியோரே! உங்கள் தெருப் பெண்ணொருத்தி, வேலையின் பொருட்டுக் கணவன் ஊரை விட்டு வேற்றூரில் தங்கினால், அவளுக்கு என்ன பெயர் சூட்டுகிறீர்கள்?

ஆடவன் பிரிவதற்கு இந்நாட்டில் என்றும் தடையிருந்ததில்லை. பர்மாவுக்கு வட்டித்தொழில் செய்யப் போன செட்டிநாட்டு ஆடவர், மூன்றாண்டுக் கணக்கை முடித்தே ஊர் திரும்பினர். மலேயாவுக்குப் போனவர் உண்டு, பட்டாளத்துக்குப் போனவர் உண்டு. வளைகுடா நாடுகளுக்கு ஈராண்டு ஒப்பந்தத்தில் இன்றும் போகின்றனர். 2015ஆம் ஆண்டு நடந்த தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் நம்மவர் ஏறத்தாழ 22 இலட்சம் என்று மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆடவர். வயிற்றுப்பாட்டுக்காக வெயிலில் வேகப் போகிறவனை நாம் பழிக்கவில்லை. அவன் போனபின் வீட்டில் நடப்பது என்ன என்பதே நம் கேள்வி.

கடிதம் வரும். மாமனார் பெயருக்கு வரும். பணமும் அவர் பெயருக்கே வரும். 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், எழுத்தறிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. ஆகவே மறுமொழி எழுதக் கொழுந்தனைக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பையன், மாமியார் சொல்லச் சொல்ல எழுதுவான்: ‘பிராணநாதருக்கு அடியாள் அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம்...’ அடகுக்குப் போன தோட்டைப் பற்றி எழுதச் சொல்வாளா? மாமனார் வைத வசையை எழுதச் சொல்வாளா? உறங்காத இரவைப் பற்றி, பிள்ளையின் கையால், கூடத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்வாளா? எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, ‘மற்றவை நேரில்’ என்று முடிப்பார்கள். நேரில் காண இன்னும் இரண்டாண்டு! இதற்குப் பெயர் இல்லறம்; இதைப் பொறுத்தவளுக்குப் பெயர் கற்பரசி.

கேரளத்தில் 1970களில் எஸ். ஏ. ஜமீல் என்பவர் ‘துபாய்க் கத்துப்பாட்டு’ என்றொரு கடிதப்பாட்டு இயற்றினார். துபாயிலுள்ள கணவனுக்கு மனைவி தன் ஏக்கத்தை, உடலின் ஏக்கத்தையும் மறைக்காமல், எழுதுவதாக அமைந்தது. துணிவான பாட்டு, பாராட்டுகிறோம். ஆயினும் அங்கும் அவளுக்காக எழுதியது ஓர் ஆணின் கைதான்!

இன்று கைபேசி வந்துவிட்டது. கொழுந்தன் தேவையில்லை, முகம் பார்த்தே பேசலாம். நன்று. ஆனால், ‘ஏன் எடுக்கவில்லை? எங்கே போயிருந்தாய்?’ என்று நாளைக்குப் பத்து முறை விசாரணை நடக்கும் வீடுகளையும் நாம் அறிவோம். அஞ்சல்காரராவது நாளைக்கு ஒருமுறைதான் வந்தார்.

இதெல்லாம் பழந்தமிழ் மரபு என்று சிலர் பரிந்து பேசுவர். அவர்கள் தொல்காப்பியத்தைத் திறந்து பார்க்கட்டும். கல்விக்காகப் பிரிந்தால் மூன்றாண்டுக்கு மேற்படாது, வேந்தன் தொழிலுக்குப் பிரிந்தால் ஓராண்டுக்குள், ஏனைப் பிரிவும் அவ்வாறே என்று கற்பியலில் வரம்பு கட்டியிருக்கிறார் ஆசிரியர். பிரிகிறவனுக்கு அன்றைய இலக்கணமாவது கெடு வைத்தது. அதிலும் பிரிகிறவன் ஆடவன், வீட்டில் இருப்பவள் பெண் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை.

சரி, பெண் பிரிந்தால்? பஞ்சாபில் ஒரு வழக்கு. கணவனும் ஆசிரியர், மனைவியும் ஆசிரியை. பணியிடம் வெவ்வேறு ஊர். உறவை அவள் மறுக்கவில்லை. வேலையை விடமாட்டேன் என்றாள், அவ்வளவே. குடும்பம் எந்த ஊரில் என்று முடிவு செய்வது கணவனின் உரிமை, அவன் கூரையின்கீழ் வாழ்வது மனைவியின் கடமை என்று பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1977இல் தீர்ப்பளித்தது. கருவியாக நின்றது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. எழுத்தில் அது இருபாலார்க்கும் பொது. ஆனால் இரங்கூனில் மூன்றாண்டு இருந்தவனைப் பார்த்து, ‘மனைவியின் கூரையின்கீழ் வந்து வாழ்’ என்று எவர் கூறினார்? அவனுக்குக் கடிதம் போதும். இவளுக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் போதாது!

மறு ஆண்டே, 1978இல், டில்லி உயர்நீதிமன்றம் வேறு வழி காட்டியது. மணத்துக்கு முன்பே பணியிலிருந்த ஒரு தலைமையாசிரியை, கணவனுக்காக வேலையைத் துறக்கத் தேவையில்லை. எங்கு வாழ்வது என்பதில் கணவனுக்குத் தனியுரிமை இல்லை என்றது. ஆந்திர உயர்நீதிமன்றம் 1983இல் 9ஆம் பிரிவே செல்லாது என்றது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அதைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது.

பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் இயற்றினோம். சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று 1967இல் அண்ணா சட்டம் கொண்டுவந்தார். 1989இல் மகளுக்குச் சொத்துரிமை வந்தது. இத்தனையும் பெற்ற நாட்டில், மாறுதல் கலந்தாய்வில் கணவன்-மனைவி முன்னுரிமை கேட்டு வருவோரைப் பாருங்கள். யார் ஊருக்கு யார் மாறிப் போகிறார்?

ஆகவே இளைஞர்களிடம் நேராகவே கேட்கிறோம். புரோகிதரை விலக்கி, மாலை மாற்றி, பெரியார் படத்தின்கீழ் ஒப்பந்தம் வாசித்த தோழரே! உம் துணைவிக்கு வேற்றூரில் பணி ஆணை வந்தால், ‘வீட்டை யார் பார்ப்பது?’ என்பதுதானே உம் முதல் சொல்? எவர் ஊதியம் மிகுதி, எவர் பணி நிலையானது, குழந்தை எவரிடம் இருந்தால் நலம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். உம் வேலையை விட்டு நீர் அவள் ஊருக்குப் போவதும் அந்தப் பேச்சில் ஒரு வழியாக இருக்கட்டும். பிரிந்துதான் இருக்கவேண்டும் என்றாகிவிட்டால், குழந்தைக்குச் சோறூட்டி உறங்கவைத்துவிட்டு, நீரும் அவளுக்கு ஒரு கடிதம் எழுதும்.