மறுக்கும் உரிமை

வங்காள தேசத்துத் தலைநகராகிய டாக்காவுக்கு அணித்தே சாவார் என்னும் ஊரில், 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், ராணா பிளாசா என்னும் எட்டடுக்குக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. பிற நாடுகளுக்கு ஆடை தைத்து அனுப்பும் தொழிற்சாலைகள் அதனுள் இயங்கின. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதனை விதியின் செயலென்று கூற எமக்கு மனம் ஒருப்படவில்லை. முதல் நாளே சுவர்களில் வெடிப்புத் தோன்றியது. கீழ்த்தளங்களிலிருந்த வங்கியும் கடைகளும் உடனே மூடப்பட்டன. தையல் தொழிலாளரோ மறுநாட் காலை வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். மறுப்பின் கூலி போம். அவர்க்காகப் பேசத் தொழிற்சங்கமும் அங்கில்லை. ஒரே வெடிப்பு, வங்கி எழுத்தர்க்கு எச்சரிக்கையாயிற்று, தையற்பெண்ணுக்கு மரணமாயிற்று.

அடுத்த மே மாதத்தில் அயல்நாட்டு வணிகரும் தொழிற்சங்கங்களும் உடன்படிக்கை செய்து, தொழிற்சாலைக் கட்டடங்களைச் சோதிக்க முற்பட்டமை நன்றே. ஆயினும் சோதிப்பவர் வருவது சில நாள். அபாயத்தை நாடோறும் எதிரே காண்பவர் தொழிலாளரே. அஞ்சாது மறுக்கும் உரிமை அவர்க்கு வேண்டும். உயிருக்கு இடையூறு நேருங்கால் "உள்ளே புகமாட்டேன்" என்று சொல்ல இயலாதவர்க்கு ஏனைய உரிமைகள் யாவும் ஏட்டுச் சுரைக்காயே.

மலிவான சட்டையொன்றை நாம் வாங்குங்கால், அதன் விலையில் நாம் கொடாத பங்கை எவர் கொடுத்தார் என்று வினவுதல் கற்றவர் கடனன்றோ?