தேவை முடிந்த விவரங்களைப் பள்ளிகள் அழிக்க வேண்டும்

1985ஆம் ஆண்டு ரொறன்ரோவில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இன்று வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அந்தப் பிள்ளையின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, ஓஹிப் எனும் ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி இலக்கம் எல்லாம் 2024 டிசெம்பரில் திருடர் கைக்குப் போயிருக்கக்கூடும். 1985 செப்டெம்பருக்குப் பிறகு படித்தவர்களின் விவரங்கள் திருட்டுப்போனவற்றில் இருக்கலாம் என்று ரொறன்ரோ கல்விச் சபையே அறிவித்தது. போர் துரத்த, இங்கே வந்து இறங்கிய கையோடு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களும் அந்தக் காலப்பகுதிக்குள் அடங்கும்.

திருட்டு நடந்தது பவர்ஸ்கூல் என்ற அமெரிக்க நிறுவனத்தில். வட அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றின் மாணவர் பதிவேடு அதன் மென்பொருளில்தான் இருக்கிறது. திருடப்பட்ட ஒரு கடவுச்சொல்லே கதவைத் திறக்கப் போதுமாக இருந்தது. இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. நிறுவனம் கப்பம் கட்டியது. விவரங்களை அழிப்பதாகக் காட்டும் காணொளியும் வந்தது. ஆனால் 2025 மே மாதத்தில், அதே விவரங்களை வைத்துக் கல்விச் சபைகளிடம் நேரடியாகவே கப்பம் கேட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட மாசச்சூசெட்ஸ் கல்லூரி மாணவனுக்கு நான்கு ஆண்டு சிறை. வெளியே போன விவரங்களை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப அழைக்க முடியாது.

கடவுச்சொல்லை மாற்றுங்கள், பாதுகாப்பைக் கூட்டுங்கள் என்பதே இதற்குப் பிறகும் பேச்சாக இருக்கிறது. அதுவும் தேவைதான். எங்கள் கேள்வி வேறு: அவ்வளவு காலத்து விவரங்கள் அங்கே ஏன் இருந்தன?

மாணவரின் பெறுபேற்றுப் பதிவை 55 ஆண்டு காக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. சரியான விதி, வேலைக்கும் மேற்படிப்புக்கும் பிற்காலத்தில் அது தேவைப்படும். ஆனால் பள்ளியை விட்டுப் போய் இருபது ஆண்டான ஒருவரின் ஓஹிப் இலக்கமும் பழைய தொலைபேசி எண்ணும் யாருக்கு வேண்டும்? பெறுபேற்றைக்கூட இணையத்தோடு இணைந்த கணினியில் வைத்திருக்கத் தேவையில்லை. தனியே எடுத்துப் பூட்டி வைக்கலாம்.

ஆகவே கல்விச் சபைகள் அடுத்த செப்டெம்பருக்குள், படிப்பை முடித்தவர்களின் பதிவில் சட்டம் கேட்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும். எதை அழித்தோம், எதை வைத்திருக்கிறோம் என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். மாகாண அரசு இதைச் சபைகளின் விருப்பத்துக்கு விடக்கூடாது. பெற்றோரும், சேர்க்கைப் படிவத்தில் ஓஹிப் இலக்கம் கேட்டால் பேனாவை நிறுத்தி, “இது எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?” என்று அலுவலகத்தில் கேட்கட்டும்.